நாய் அவதானம்

மேல் டிவிசன், கடைசி லயம்
2025 ஜனவரி 19

சர்மிளாவுக்கு, அண்ணி பூரணி எழுதுறது.

நீ கேக்காட்டியும் சொல்றேன், நல்லாத்தான் இருக்கேன். உங்கண்ணன் திவசத்துக்கு வந்துட்டு, கை கழுவின ஈரம் காயுறதுக்குள்ள கோவிச்சுக்கிட்டு வத்தளைக்கு பஸ் ஏறினியே, போய்ச் சேந்தேன்னு ஒரு வரி எழுதுனியாடி? எனக்குக் காது கேக்காது, வாய் அசையுறதப் பாத்துத்தான் வெளங்கிக்குவேன்னு இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கே தெரியும். டெலிபோனக் காதுல வச்சா வண்டு பறக்குற மாதிரிதான் இருக்கு. அப்ப நீதான எழுதணும்? சரி, எனக்கு ரோசம் கம்மி, நானே எழுதுறேன்.

இந்த வருசம் பனி பொல்லாத பனி. காலையில கதவத் தொறந்தா இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால சீனி கொட்டின மாதிரி கெடக்கு. வெயில் பட்டதும் டேலியா அத்தனையும் கருகித் தொங்கிப் போச்சு. எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. தண்ட வெட்டிட்டு, கிழங்க மண்ணுக்குள்ளயே விட்டு, மேல சருகப் போட்டு மூடி வச்சிருக்கேன். ரோசாவுக்கு உரச்சாக்கு. பத்தாம போனதுக்கு உங்கண்ணன் கம்பளி. இருந்திருந்தா லயத்து வரிசை வீடெல்லாம் அதிரச் சத்தம் போட்டிருப்பாரு.

அன்னைக்கு நீ என்ன சொன்ன? "மூட்டையக் கட்டுங்க அண்ணி, இந்தக் காம்பராவுல தனியாக் கெடந்து என்ன செய்யப் போறீங்க"ன்னு. நான் உன் வீட்டு மூலையில ஒக்காந்து யாரு மூஞ்சியப் பாக்குறது? இந்தக் காம்பராவப் பூட்டிட்டு நாலு மாசம் போனா தோட்டம் வேற ஆளுக்குக் குடுத்துரும். அப்புறம் எனக்குன்னு சொல்ல எது இருக்கு? வர மாட்டேன்னா வர மாட்டேன். கோவம் ஆறினா பதில் எழுது.

பூரணி


வத்தளை
2025 பெப்ரவரி 9

அன்புள்ள அண்ணி,

நான் கோவிச்சுக்கிட்டு வரல. கடைசி பஸ்ஸப் பிடிக்கத்தான் ஓடினேன். சரி, கோவமும் கொஞ்சம் இருந்துச்சு.

உங்க கடிதம் தோட்டத்து ஆபிஸ்ல கெடந்து, டவுனுக்குப் போய், இங்க வர இத்தனை நாள். நான் எழுதுறதும் அப்படித்தான் வந்து சேரும். லயத்துக்கு ஒரு நம்பர் போட்டு விலாசம் குடுக்க இன்னும் யாருக்கும் மனசு வரல.

நான் பேக்கரியில பழைய மாதிரிதான் இருக்கேன். காலையில இருந்து சிங்களம் பேசிப் பேசி, போன வாரம் கனவுல உங்களையே சிங்களத்துல திட்டினேன். நல்லவேளை, உங்களுக்குக் கேக்கல.

விளையாட்டா எழுதுறேன், ஆனா எனக்குப் பயம் அண்ணி. நான் பொறந்த காம்பரா அது, எனக்குத் தெரியாதா? பின்னால செங்குத்தா மண்மேடு, அதுக்கு மேல மலை. லயத்துல நீங்களும் சின்னராசா அண்ணனும்தான் மிச்சம், மத்ததெல்லாம் பூட்டு. ஒரு சத்தம் வந்தா உங்களுக்குக் கேக்குமா? இங்க எனக்குன்னு இருக்கிற அறையில ஜன்னல் இருக்கு. நாலு தொட்டி வைக்கலாம். டேலியா இந்த வெக்கையில பூக்காதுன்னு தெரியும். வேற ஏதாவது பூக்கும். யோசிங்க.

சர்மிளா


மேல் டிவிசன்
2025 ஏப்ரல் 20

சர்மி,

டேலியா பொழச்சிக்கிச்சு! சருகத் தள்ளிக்கிட்டு மூக்க நீட்டினது இப்ப என் இடுப்பு ஒசரம். செவப்பு ஒண்ணு சோத்துத் தட்டு அகலம். கிழங்கு மண்ணுக்குள்ள இருந்தா சாகாதுன்னு சொன்னேன்ல?

நுவரெலியாவுல சீசன். கொழும்புக்காரங்க வேன்ல வந்து பூப் பாக்குறாங்களாம். இங்க வந்தா காசில்லாமக் காட்டுவேன். வெயில்தான் தாங்கல. பீலியில தண்ணி நூலாட்டம் ஒழுகுது. ஒரு கொடம் நெறையுறதுக்குள்ள கீழ் லயத்துப் பொம்பளைங்க ஒரு சண்டைய ஆரம்பிச்சு முடிச்சிருறாங்க.

ஆனா ஒரு அதிசயம் கேளு. குசினிக்குப் பின்னால, மண்மேட்டு அடியில ஒரு மூலை இருக்குல்ல? காஞ்ச களிமண்ணு, ஜெரேனியத்தத் தவிர எதுவும் வராத எடம். அந்த ஜெரேனியம் எல்லாம் அடி அழுகிச் செத்துப் போச்சு. நான் என்னமோ பூச்சின்னு நெனச்சேன். தொட்டுப் பாத்தா மண்ணு சொதசொதன்னு ஈரம். தண்ணி ஓடுற கான் ஓரத்துல இருந்து புடுங்கி அந்த மூலையில எறிஞ்ச வெள்ளை லில்லி இருக்கு பாரு, மலர்வளையத்துக்கு வைக்கிறோமே அது, கொத்துக் கொத்தா பூத்து நிக்குது! ஒரு சொட்டுத் தண்ணி நான் ஊத்தல. லயமே கொடத்தத் தூக்கிக்கிட்டு அலையுறப்ப என் மூலையில ஊத்துக்கண் தொறந்திருக்கு. மாரியாத்தா எனக்குன்னு தொறந்துவிட்டான்னு கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டேன்.

இத விட்டுட்டு உன் ஜன்னல்ல தொட்டி வைக்கச் சொல்றியா? போடி.

அண்ணி


வத்தளை
2025 ஜூன் 15

அன்புள்ள அண்ணி,

லில்லி பூத்தது சந்தோசம். மாரியாத்தா எனக்கும் ஏதாவது தொறந்துவிடலாம்.

குசினிச் செவத்துல ஈரம் ஏறுதா? இங்க ஒரு வீட்டுல ஈரம் ஏறி செவரு உப்பிப் போச்சு, அதனாலதான் கேக்குறேன். மழைக்காலம் வேற தொடங்கிருச்சு. கண்டாக்கையாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க, அவரு மேல தொரைக்குச் சொல்லட்டும். நான் சொன்னா உங்களுக்குப் புடிக்காது, ஆனாலும் சொல்லாம இருக்க முடியல.

தீவாளிக்கு வர்றேன். வர்றப்ப உங்களக் கையோட கூட்டிட்டு வந்துருவேன். இப்பவே சொல்லிட்டேன்.

சர்மிளா


மேல் டிவிசன்
2025 ஆகஸ்ட் 24

சர்மி,

மழை விட்டபாடில்ல. டேலியாவெல்லாம் தலை பாரம் தாங்காம சேத்துல படுத்திருச்சு. நீலக் கொத்துப்பூவுக்கு மட்டும் கொண்டாட்டம், ஒவ்வொண்ணும் பூசணிக்கா அளவு. காசித்தும்பை தானா மொளச்சுக் கெடக்கு.

நீ கேட்ட மாதிரி செவத்துல ஈரம் இருக்கு. பின் கதவு நெலையில இறுகிக்கிச்சு, தோள்பட்டையால முட்டினாத்தான் தொறக்குது. குசினித் தரையில கோடு மாதிரி ஒரு வெடிப்பு. வெளிய, லில்லி மூலைக்கு மேல மேட்டுலயும் வெடிப்பு இருக்கு, அதுல கை போகும். மழைத் தண்ணி எறங்குதேன்னு மண்ணப் போட்டு மூடி அதுல காசித்தும்பை நாத்து வச்சேன். நல்லாப் புடிச்சிக்கிச்சு. இன்னொரு கூத்து, வரிசையா வச்ச ரோசாவெல்லாம் வீட்டுப் பக்கமே சாய்ஞ்சு நிக்குது. நிமித்திக் குச்சி கட்டினா குச்சியும் சாயுது. என் மேல அவ்வளவு ஆசை போல.

கண்டாக்கையாகிட்ட சொல்லாம இல்ல. காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கே போய்ச் சொன்னேன். அவரு வாய அசைச்சாரு, "தொரைகிட்ட சொல்றேன்"னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, தோட்டத்துல எந்த லயம்டி நேரா நிக்குது? புது வீட்டுக்குப் பேர் குடுத்துட்டுக் காத்திருந்தே உங்கண்ணன் போய்ச் சேந்தாரு. சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது. சொல்றதுக்கு ஆளு இருக்கு, போறதுக்குத்தான் எடம் இல்ல.

தீவாளிக்கு வா. வந்து சண்டை போடு. அதுக்காவது ஆளு வேணும்ல.

அண்ணி


வத்தளை
2025 ஒக்டோபர் 16

அன்புள்ள அண்ணி,

மன்னிச்சுக்கங்க. லீவு கெடைக்கல. தீவாளி ஓடர் குவிஞ்சு கெடக்கு, போனா வேலை போயிரும்னு முதலாளியம்மா நேராவே சொல்லிட்டாங்க. அழுதேன், கெஞ்சினேன், ஒண்ணும் நடக்கல.

டிசம்பர் கடைசியில நத்தார் கேக் வேலை முடிஞ்சதும் கட்டாயம் வர்றேன். அதுவரைக்கும் குசினிப் பக்கம் படுக்காதீங்க அண்ணி. முன் காம்பராவுல படுங்க. இதையாவது கேளுங்க.

சர்மிளா


மேல் டிவிசன்
2025 நவம்பர் 13

சர்மி,

தீவாளிக்கு நீ வரலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன். ஆனா இங்க நடந்தத உன்கிட்ட சொல்லலன்னா எனக்குத் தலை வெடிச்சிரும்.

முந்தாநாள் எல்லாரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போன நேரம். ஒரு ஜீப்பு வந்துச்சு. கொடை புடிச்ச ஒரு சிங்களப் பொண்ணு, கூட ரெண்டு ஆம்பளைங்க. அந்தப் பொண்ணு நேரா என் லில்லி மூலைக்குப் போயி குந்திப் பாத்துச்சு. மேட்டுல காசித்தும்பை வச்சேன்ல, அங்க டேப்பு வச்சு அளந்துச்சு. ரோசாவப் போட்டோ எடுத்துச்சு. சாய்ஞ்சு நிக்கிறதப் பாத்து அதிசயப்பட்டுச்சு போல. எனக்குப் பெருமை தாங்கல. அப்புறம் என் கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ ரொம்ப நேரம் சொல்லிச்சு. மலையக் காட்டிச்சு, ரோட்டக் காட்டிச்சு. நான் ஆமா ஆமான்னு அவங்க பாசையில "ஒவ், ஒவ்"னு தலையாட்டினேன். கோயிலுக்கு வழி கேக்குதுன்னு குறுக்குப் பாதையக் காட்டிவிட்டேன். போறப்ப ஒரு கொத்து லில்லி வெட்டிக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு என்னையத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு, பாவம். தங்கமான பொண்ணு.

போறப்ப லயத்துக் கோடித் தூணுல ஒரு தகரம் அடிச்சிட்டுப் போயிருக்காங்க. முழுக்கச் சிங்களம். எனக்குத்தான் பள்ளிக்கூடத்துல படிச்ச எழுத்துக் கொஞ்சம் ஞாபகம் இருக்கே, அர்த்தம் தெரியாட்டியும் கூட்டி வாசிப்பேன். மொதல் சொல்லு "நாய". கூடவே என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு, "யாம்" மாதிரி. அடுத்தது நல்லாத் தெளிவா "அவதானம்". மூணாவது "கலாபய".

அடியே, நாய் அவதானம்! நாய் இருக்கு, பாத்து நடன்னு எழுதியிருக்கு! கலப்பு நாயாம்!

சின்னராசா அண்ணன் டைகர் இருக்கே, அது போன மாசம் கிராம சேவகரத் தொரத்திச்சு. அதுக்குத்தான் இந்தப் போர்டு. சாயந்தரம் அண்ணன் வேலை விட்டு வந்ததும் இழுத்துட்டுப் போய்க் காட்டினேன். அவருக்குச் சிங்களம் சந்தையில மரக்கறி வாங்குற அளவுதான், எழுத்துத் தெரியாது. நான் வாசிச்சுக் காட்டக் காட்ட மூஞ்சி செவந்து போச்சு. "நாயின்னு சொல்லட்டும், கலப்புன்னு எப்படிச் சொல்லலாம்? இவன் தாய் தொரை பங்களாவுல பொறந்தவ!"ன்னு கைய ஆட்டி ஆட்டிச் சண்டை. யாருகிட்ட? தகரத்துக்கிட்ட! நான் சிரிச்ச சிரிப்புல வயித்து வலி வந்துருச்சு. உங்கண்ணன் போன பெறகு நான் இப்படிச் சிரிச்சதில்ல.

நீ சொன்ன மாதிரி முன் காம்பராவுலதான் படுக்குறேன்.

அண்ணி


மேல் டிவிசன்
2025 நவம்பர் 26

சர்மி,

ரொட்டி விக்க வந்த பாண்காரத் தம்பி வண்டியத் திருப்புறதுக்குள்ள எழுதுறேன், டவுன்ல போட்டுருவாரு. ரெண்டு நாளா பேய் மழை. கரண்டு இல்ல. சின்னராசா அண்ணன், நாயப் புடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு பயந்து, டைகரக் கூட்டிக்கிட்டு தலவாக்கலையில மக வீட்டுக்குப் போயிட்டாரு. போறப்பவும் தகரத்தப் பாத்து மொறச்சிட்டுத்தான் போனாரு. லயத்துல இப்ப நான் மட்டும்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. நான் வர்றேன். நத்தாருக்கு நீ வர்றப்ப உன்கூட வந்துர்றேன். நேத்து இந்த மழையில முன் காம்பராவுல தனியா ஒக்காந்திருந்தேன். வாசல்ல பூவெல்லாம் போச்சு, பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல. காது கேக்காதவளுக்குக் கண்ணுக்காவது ஏதாவது வேணும்ல? மனசு தளந்து போச்சுடி. ஒரு மூஞ்சி வேணும் போல இருந்துச்சு. உன் மூஞ்சியா இருந்தாலும் பரவாயில்ல.

காம்பராவ எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும். டேலியாக் கிழங்கத் தோண்டிச் சாம்பல்ல பொரட்டி வச்சிருக்கேன். உன் ஜன்னல்ல வெந்து போகும்னு தெரியும், இருந்தாலும் விட்டுட்டு வர மனசில்ல. செண்டுப்பூ வெதை கொஞ்சம் இதுலயே மடிச்சு வைக்கிறேன், அது எங்கயும் வரும். இப்பவே போட்டு வையி.

லில்லி மூலையில தண்ணி கொப்புளிச்சுக்கிட்டு வருது, செகப்பா, டீத்தண்ணி மாதிரி. பூ மட்டும் வெள்ளை வெளேர்னு நிக்குது.

அண்ணி


கொழும்புக் கோட்டை ரயில்வே ஸ்டேசன்
2025 நவம்பர் 28

அண்ணி, வெளிய வாங்க. இதைப் பாத்த ஒடனே கையில இருக்கிறதப் போட்டுட்டு ரோட்டுக்கு வாங்க. மத்தத அப்புறம் வாசிங்க.

நீங்க 13ஆம் தேதி எழுதினது நேத்து சாயந்தரம்தான் கையில கெடைச்சிச்சு. நானும் சிரிச்சேன் அண்ணி. சிரிச்சுக்கிட்டே முதலாளியம்மாகிட்ட சொன்னேன், எங்க அண்ணி வாசிச்ச லட்சணத்தப் பாருங்கன்னு. அந்தச் சொல்ல என் வாயாலயே சிங்களத்துல சொன்னேன். சொல்றப்பதான் எனக்கே அர்த்தம் வெளங்கிச்சு.

அது நாய் இல்ல அண்ணி. சிங்களத்துல "நாய யாம"ன்னா மலை சரிஞ்சு வர்றது. நமக்கு அவதானம்னா கவனம், அவங்களுக்கு "அவதானம"ன்னா ஆபத்து. "கலாபய"ன்னா பகுதி. மண் சரியிற ஆபத்தான எடம்னு எழுதியிருக்கு. அந்தப் பொண்ணு மலையக் காட்டி ரோட்டக் காட்டினது உங்கள அங்க இருந்து போகச் சொல்லித்தான்.

சின்னராசா அண்ணனுக்கு எடுத்துக்கிட்டே இருந்தேன். காலையில ஒரு தடவை லைன் கெடைச்சிச்சு. அவரு தலவாக்கலையில இருக்காராம். சொன்னதும் அழுதாரு. ரோடு உடைஞ்சு கெடக்கு, நடந்தாவது போறேன்னாரு, அதோட லைன் போச்சு. தோட்டத்து ஆபிஸ் நம்பர் அடிக்குது, யாரும் எடுக்கல. பொலிசுக்கு எடுத்தேன், எழுதிக்கிட்டாங்க. எத்தனை பேரைத்தான் அவங்களும் எழுதுவாங்க.

நானுஓயா வரைக்கும் மேல வர்ற ரயில் இல்ல. பஸ்ஸும் இல்ல. நான் ஸ்டேசன்ல ஒக்காந்திருக்கேன். போறவங்க யாராவது இருந்தா குடுத்து விடலாம்னு இதை எழுதுறேன். கேட்டுக்கிட்டே இருக்கேன், யாருமே மேல போகல. காது கேக்காத மனுசிக்கு நான் எப்படி அண்ணி இங்க இருந்து கத்துறது?

வெளிய வாங்க.

சர்மிளா


கீழ் டிவிசன், பள்ளிக்கூடம்
2026 ஜனவரி 11

அன்புள்ள அண்ணி,

யாருக்கு எழுதுறேன்னு தெரிஞ்சுதான் எழுதுறேன். உங்களுக்கு எழுதிப் பழகின கை, நிக்க மாட்டேங்குது. ஸ்டேசன்ல எழுதினது இன்னும் என் பேக்குலதான் கெடக்கு. அதை எழுதுறதுக்கு முந்தின நாள் விடியக்காலையிலயே மலை சரிஞ்சு வந்துருச்சாம். இல்லாத ஆளுக்குத்தான் நான் வெளிய வாங்கன்னு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.

நீங்க பாண்காரத் தம்பிகிட்ட குடுத்தது, உங்கள அடக்கம் பண்ணிட்டு நான் வத்தளைக்குப் போன பெறகு வந்துச்சு. "நான் வர்றேன்"னு எழுதியிருந்தீங்க. பதினோரு மாசம் கெஞ்சினேன், அப்பெல்லாம் மாட்டேன்னீங்க. எனக்கு உங்க மேல இன்னும் கோவம் போகல அண்ணி.

நம்ம லயம் இருந்த எடத்துல செகப்பு மண்ணுதான் இருக்கு. கோடித் தூணும் தகரமும் மட்டும் நேரா நிக்குது. அந்தத் தகரம் ஒரு உசுரக் காப்பாத்தியிருக்கு, தெரியுமா? டைகரை. அதால சின்னராசா அண்ணனையும். அவரு அந்த நாயக் கட்டிப்புடிச்சுக்கிட்டு வீடு போனவங்களத் தங்க வச்சிருக்கிற இந்தப் பள்ளிக்கூட வராந்தாவுல கெடக்குறாரு. யாரு பேசினாலும் "கலப்புன்னு சொன்னதுக்குத்தான் கோவிச்சேன், கலப்புன்னு சொன்னதுக்குத்தான்"னு அதையே சொல்றாரு.

கொடை புடிச்ச அந்தப் பொண்ணையும் பாத்தேன். அளக்க வந்திருந்துச்சு. தமிழ்ல ஏன் எழுதலன்னு கேட்டு நாலு வார்த்தை நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கணும்னுதான் போனேன். நீங்க யாருன்னு நான் சொன்னதும் அந்தப் பொண்ணு, "அந்த அம்மா சரி சரின்னு தலையாட்டினாங்களே, எனக்குப் பூவெல்லாம் குடுத்தாங்களே"ன்னு சொல்லி என் தோள்ல சாய்ஞ்சு அழுதிருச்சு. ஒண்ணும் கேக்காமத் திரும்பி வந்துட்டேன். தமிழ்ல ஏன் எழுதலன்னு யாருகிட்ட கேக்குறதுன்னு இப்ப வரைக்கும் தெரியல.

நேத்து உங்களுக்கு வைக்கப் பூத் தேடிப் போனேன். பனி உங்களுக்குத் தெரியாததா, எங்க பாத்தாலும் கருகித்தான் கெடக்கு. கீழ் டிவிசன் மூணாம் லயத்துக்குப் பின்னால மட்டும், மண்மேட்டு அடியில, வெள்ளை லில்லி கொத்துக் கொத்தாப் பூத்து நின்னுச்சு. அவ்வளவு அழகு. வெட்டலாம்னு குந்தினேன். கால் சொதசொதன்னு உள்ள போச்சு.

அந்த வீட்டுக்காரி தனுஷிகா கைக்கொழந்தையோட வெளிய வந்தா. "எப்ப நட்டீங்க? தண்ணி ஊத்துறீங்களா?"ன்னு கேட்டேன். "நாங்க எங்கக்கா நட்டோம், பீலியிலயே தண்ணியில்ல, அது தானா பூத்துச்சு. வேணுங்கிற அளவு வெட்டிக்கங்க"ன்னு சிரிச்சா.

முந்தி அங்க ஜெரேனியம் இருந்து அழுகிச்சான்னு கேட்டேன், பின் கதவு இறுகுதான்னு கேட்டேன். எல்லாத்துக்கும் ஆமான்னா. ஒடனே ஆபிஸுக்கு ஓடிச் சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. வந்து தகரம் அடிப்பாங்களாம். தகரம் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியாம, கரிக்கட்டையால அவ செவத்துல நானே தமிழ்ல பெருசா எழுதினேன், மண் சரியும், வெளிய போங்கன்னு.

தனுஷிகா அதை வாசிச்சா. நல்லாவே வாசிச்சா, ஒரு எழுத்து விடாம. வாசிச்சிட்டு என்னையத் திரும்பிப் பாத்து, "எங்கக்கா போறது?"ன்னு கேட்டா.

பள்ளிக்கூடம் நாளைக்குத் தொறக்குறாங்க அண்ணி. இங்க இருக்கிறவங்களையே வேற எடம் பாக்கச் சொல்லிட்டாங்க. லில்லிய வெட்டாம வந்துட்டேன்.

சர்மிளா